சீருடையும் உரிமையும்: பள்ளித் தோற்ற விதிகளும் அரசமைப்புச் சட்டமும்

பள்ளிகளின் தோற்ற விதிகள் சீருடையோடு நின்றுவிடுவதில்லை. சட்டையின் நிறம், பாவாடையின் நீளம், காலணி, முடிவெட்டு, இரட்டைச் சடை, நகை, மூக்குத்தி, பொட்டு, திருநீறு, மருதாணி, மணிக்கட்டில் கட்டும் கயிறு, தலையை மூடும் துணி என்று மாணவரின் உடல்மேல் கண்ணுக்குத் தெரியும் ஏறக்குறைய எல்லாவற்றையும் அவை தொடுகின்றன. பெரும்பாலான விதிகளைப் பிள்ளைகளும் பெற்றோரும் மறுபேச்சில்லாமல் ஏற்கிறார்கள். அவற்றில் ஒன்று ஒரு பிள்ளையின் சமயத்தோடோ பண்பாட்டோடோ பாலின அடையாளத்தோடோ மோதும்போதுதான் வழக்கு பிறக்கிறது. பள்ளிச் சீருடை பற்றி இந்திய அரசமைப்புச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. பேச்சுரிமை, சமத்துவம், சமய உரிமை, தனிமனித கண்ணியம் ஆகியவற்றைச் சொல்லும் பிரிவுகளிலிருந்தே நீதிமன்றங்கள் விடை தேடி வந்திருக்கின்றன. அந்த விடைகள் இன்னும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

சீருடையின் நியாயம்

உரிமையின் பெயரால் சீருடையையே எதிர்ப்பவர்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. யார் எதை உடுத்தலாம் என்பதைச் சாதி தீர்மானித்த மண் இது. அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீடித்து, 1859-இல் அரசர் அறிவிப்பு வெளியிட்ட பிறகே ஓரளவு முடிவுக்கு வந்தது. செருப்பு, மேல்துண்டு, வேட்டியைக் கட்டும் உயரம் எல்லாமே ஒருவரின் இடத்தைக் காட்டும் குறிகளாக இருந்தன. அந்தக் குறிகளை வகுப்பறைக்குள் அழிக்கும் கருவியாகவே சீருடை இங்கே வரவேற்கப்பட்டது.

காமராசர் ஆட்சிக் காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, மதிய உணவோடு சீருடையும் பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் பகுதியாக ஊர்மக்களின் நன்கொடையில் பரவியது. 1985 முதல் சத்துணவு மையங்களில் உண்ணும் மாணவர்களுக்கு அரசே இலவசச் சீருடை வழங்கத் தொடங்கியது. இப்போது எட்டாம் வகுப்புவரை சத்துணவு உண்ணும் பிள்ளைக்கு ஆண்டுக்கு நான்கு செட் கிடைக்கிறது. துணி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நெய்யப்படுகிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருகின்றன. இருக்கும் ஒரே நல்ல சட்டையை இரவில் துவைத்துக் காலையில் ஈரத்தோடு போட்டுக்கொண்டு வரும் பிள்ளைக்கு இந்த நான்கு செட் எவ்வளவு பெரிய விடுதலை என்பது அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரியும்.

ஆகவே தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம்: சீருடை வேண்டுமா, வேண்டாமா என்பதில் அரசமைப்புச் சிக்கல் எதுவும் இல்லை. பொதுவான உடையைப் பள்ளி வகுக்கலாம். எந்த நீதிமன்றமும் அதை மறுத்ததில்லை. அந்தப் பொது உடையோடு ஒரு பிள்ளை தன் நம்பிக்கையை, மரபை, தன் உடலைப் பற்றிய உணர்வைச் சேர்த்துக்கொண்டு வந்தால் பள்ளி எதைக் காரணம் காட்டி அதைத் தடுக்கலாம், தடுக்கும்போது அந்தப் பிள்ளையின் படிப்பு என்னாகும் என்பதுதான் கேள்வி.

அரசமைப்பு தரும் பிடிமானங்கள்

பிரிவு 19(1)(அ) தரும் பேச்சு, கருத்து வெளியீட்டு உரிமை வாயால் பேசுவதோடு முடிவதில்லை. உடையும் ஒரு வெளிப்பாடுதான். திருநங்கையர், திருநம்பியர் உரிமை பற்றிய நால்சா வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: ஒருவர் தம் பாலின அடையாளத்தை உடை, சொல், நடத்தை வழியாக வெளிப்படுத்துவது இந்தப் பிரிவின் பாதுகாப்புக்குள் வரும். இந்த உரிமைக்குப் பொது ஒழுங்கு, நாகரிகம், ஒழுக்கம் முதலிய காரணங்களுக்காகச் சட்டம் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது 19(2). அந்தப் பட்டியலில் ‘பள்ளி ஒழுங்கு’ என்று தனியாக எதுவும் இல்லை.

பிரிவு 21 தரும் வாழ்வுரிமைக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எதைச் சாப்பிட வேண்டும், எதை உடுத்த வேண்டும் என்று அரசு சொல்வதை யாரும் விரும்பமாட்டார்கள் என்று அந்த அமர்வில் இருந்த நீதிபதி செலமேஸ்வர் எழுதினார். பிரிவு 25 மனச்சான்று உரிமையையும் சமயத்தைப் பின்பற்றும் உரிமையையும் தருகிறது. கிர்பான் அணிவது சீக்கிய சமயத்தின் பகுதி என்று அந்தப் பிரிவின் விளக்கமே குறிப்பிடுகிறது. உடலில் அணியும் ஒரு பொருளை அரசமைப்பு பெயர் சொல்லிக் காத்திருப்பது அங்கேதான். 14, 15 பிரிவுகள் சமத்துவத்தையும் பாகுபாட்டுத் தடையையும், 21அ ஆறு முதல் பதினான்கு வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வியையும் உறுதிசெய்கின்றன. 1992-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, பள்ளி ஒழுங்கு பிள்ளையின் மானத்துக்கு இசைய நடத்தப்பட வேண்டும் என்கிறது.

பாடாமல் நின்ற மூன்று பிள்ளைகள்

மாணவர் உரிமை குறித்து இந்தியாவில் இன்றும் உறுதியாக நிற்கும் தீர்ப்பு, உடை சம்பந்தப்பட்டதே அல்ல. 1985 ஜூலையில் கேரளத்துப் பள்ளி ஒன்றில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த, உடன்பிறந்த மூன்று பிள்ளைகள் வெளியேற்றப்பட்டார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடப்படும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாடமாட்டார்கள். கடவுளைத் தவிர வேறெதையும் பாடித் தொழக்கூடாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. பல ஆண்டுகளாக யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. சட்டமன்றத்தில் கேள்வி எழுந்த பிறகே கல்வித்துறை நடவடிக்கை எடுத்தது. பிள்ளைகள் கட்டுப்பாடானவர்கள், நாட்டுக்கு எந்த அவமரியாதையும் செய்யாதவர்கள் என்று விசாரணைக் குழு சொன்ன பிறகும் வெளியேற்றம் நடந்தது. கேரள உயர் நீதிமன்றமும் அவர்களைக் கைவிட்டது.

1986 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டி, எம். எம். தத் அமர்வு அந்த மூவரையும் மீண்டும் பள்ளியில் சேர்க்க உத்தரவிட்டது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் இந்தத் தீர்ப்பில் தோற்ற விதிகளுக்கும் பொருந்தும் இரண்டு அடிப்படைகள் இருக்கின்றன. முதலாவது, அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதற்குச் சட்டத்தின் துணை வேண்டும். துறையின் சுற்றறிக்கை மட்டும் போதாது. இரண்டாவது, ஒரு நம்பிக்கை நமக்கு ஏற்புடையதா, பகுத்தறிவுக்குப் பொருந்துகிறதா என்று நீதிமன்றம் பார்க்காது. அது உண்மையாகவும் மனச்சான்றோடும் கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதையே பார்க்கும். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த உடுப்பி ஹிஜாப் வழக்கில் இந்த இரண்டாவது அடிப்படைதான் கைநழுவியது.

உடுப்பியிலிருந்து உடுப்பிக்கு

பிரிவு 25-ஐப் படிக்கும்போது நீதிமன்றங்கள் கையாளும் அளவுகோல் ‘இன்றியமையாத சமய வழக்கம்’. ஒரு வழக்கம் அந்தச் சமயத்துக்கு இன்றியமையாததா, அது இல்லாவிட்டால் சமயமே மாறிவிடுமா என்று நீதிபதிகள் நூல்களைப் புரட்டித் தீர்மானிக்கிறார்கள். இதன் வேர் 1954-ஆம் ஆண்டின் சிரூர் மடம் வழக்கில் இருக்கிறது. சென்னை மாநிலத்தின் 1951-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தை எதிர்த்த வழக்கு அது. உடுப்பியின் எட்டு மடங்களில் ஒன்று சிரூர் மடம். அன்று உடுப்பி சென்னை மாநிலத்தின் தென்கன்னட மாவட்டத்தில் இருந்தது. ஒரு சமயத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அந்தச் சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று, சமயத்தின் தன்னுரிமையைக் காக்கும் நோக்கத்தோடு அந்தத் தீர்ப்பு சொன்னது. பின்வந்த வழக்குகளில் அதே அளவுகோல் எது சமயம், எது சமயம் இல்லை என்று நீதிபதிகளே வடிகட்டும் கருவியாக மாறிப்போனது. அதன் முழு விளைவும் தெரிய வந்த இடம் மறுபடியும் உடுப்பிதான்.

இடையில் கேரள உயர் நீதிமன்றத்தில் வந்த இரண்டு தீர்ப்புகள் சேர்த்துப் படிக்க வேண்டியவை. அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வின் உடைக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2016-இல் ஒரு மாணவி வழக்குத் தொடுத்தபோது, நீதிபதி முகமது முஸ்தாக் தலைத்துணியும் முழுக்கைச் சட்டையும் இன்றியமையாத வழக்கமே என்று ஏற்று, தேவைப்பட்டால் பெண் அலுவலர் சோதித்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு அனுமதி தந்தார். 2018 டிசம்பரில் திருவனந்தபுரத்துத் தனியார் பள்ளி ஒன்றின் மாணவிகள் அதே உடைக்கு அனுமதி கேட்டு வந்தபோது, அதே நீதிபதி மறுத்தார். தனிமனிதரின் உரிமையும் நிறுவனத்தை நடத்தும் உரிமையும் மோதினால் நிறுவனத்தின் பரந்த நலனே மேலோங்கும் என்பது அவருடைய காரணம். முதல் வழக்கில் எதிரே நின்றது பொது அமைப்பு. இரண்டாவதில் கிறித்துவச் சிறுபான்மையினரின் தனியார் பள்ளி. உரிமையின் அளவு, எதிர்த்தரப்பில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து மாறியதை இந்த இரண்டும் காட்டுகின்றன.

2021 டிசம்பர் கடைசியில் உடுப்பி அரசு மகளிர் பியுசி கல்லூரியில் ஹிஜாப் அணிந்த மாணவிகள் வகுப்புக்குள் அனுமதிக்கப்படவில்லை. எதிர்ப்பாகக் காவித் துண்டு அணிந்த மாணவர்கள் திரண்டார்கள். சிக்கல் மாநிலம் முழுக்கப் பரவியது. 2022 பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு, மாநிலக் கல்விச் சட்டத்தின் 133(2) பிரிவின்கீழ் கல்லூரிக் குழுக்கள் வகுத்த சீருடையே கட்டாயம் என்று ஆணையிட்டது. பிப்ரவரி 10 அன்று உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, வழக்கு முடியும்வரை சீருடை விதி உள்ள கல்லூரிகளில் காவித் துண்டோ ஹிஜாபோ வேறு சமயச் சின்னங்களோ வகுப்பறையில் கூடாது என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. மார்ச் 15 அன்று வந்த இறுதித் தீர்ப்பு, ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கம் அல்ல என்றும், சீருடை நியாயமான கட்டுப்பாடே என்றும் கூறியது. வகுப்பறை ஒரு ‘வரையறுக்கப்பட்ட பொது இடம்’, அங்கே தனியுரிமைகள் சுருங்கும் என்பது அதன் தர்க்கம்.

உச்ச நீதிமன்றத்தில் 2022 அக்டோபர் 13 அன்று அமர்வு இரண்டாகப் பிரிந்தது. நீதிபதி ஹேமந்த் குப்தா மேல்முறையீடுகளைத் தள்ளினார். அரசின் மதச்சார்பற்ற பள்ளியில் சமய அடையாளங்கள் நுழையாதபோதுதான் எல்லோரும் ஒன்று என்ற உணர்வு வளரும். சீருடை சமத்துவத்துக்கு உதவுகிறதே தவிர உரிமையைப் பறிப்பதில்லை என்பது அவருடைய பார்வை. நீதிபதி சுதான்ஷு துலியா மேல்முறையீடுகளை ஏற்றார். இன்றியமையாத வழக்கமா என்ற கேள்விக்குள் போயிருக்கவே வேண்டியதில்லை என்றார். பிஜோ இம்மானுவேல் தீர்ப்பை முன்வைத்து, நம்பிக்கை உண்மையானது, யாருக்கும் தீங்கு இல்லாதது என்றால் தடைசெய்ய நியாயம் இல்லை என்று எழுதினார். பள்ளி வாசலில் ஒரு பெண்ணைத் தலைத்துணியைக் கழற்றச் சொல்வது அவளுடைய அந்தரங்கத்தின்மீதும் மானத்தின்மீதும் விழும் அடி என்றார். காலையில் வீட்டு வேலைகளை முடித்துவிட்டுப் பள்ளிக்கு வரும் கிராமத்துப் பெண்பிள்ளைக்குக் கல்வியை இன்னும் கடினமாக்கி நாம் சாதிப்பதென்ன என்றும் கேட்டார்.

இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தால் துலியாவின் வாதமே வலுவாக இருக்கிறது. குப்தா பேசும் ஒருமைப்பாடு மதிப்புள்ள இலக்குதான். ஆனால் சீருடையின் நிறத்திலேயே தலைத்துணி அணிந்து வரும் மாணவியால் அந்த இலக்கு எப்படிக் கெடுகிறது என்பதற்கான சான்று அந்த வழக்கில் எங்குமே முன்வைக்கப்படவில்லை. இழப்போ கண்முன்னே நடந்தது: பலர் தேர்வு எழுதவில்லை, சிலர் தனியார் கல்லூரிகளுக்கு மாறினார்கள்.

மூக்குத்தி வழக்கு

கர்நாடக வழக்கில் மாணவிகள் தரப்பு மிகவும் நம்பியிருந்த வெளிநாட்டுத் தீர்ப்பு ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாழும் தென்னிந்திய வம்சாவளிக் குடும்பத்தின் பெயரைத் தாங்கியது அது: பிள்ளை வழக்கு. டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த மாணவி 2004-இல் விடுமுறையின்போது மூக்குக் குத்திக்கொண்டு, சிறு தங்க மூக்குத்தியோடு பள்ளிக்குத் திரும்பினாள். காதில் சாதாரணத் தோடு தவிர வேறு நகை கூடாது என்பது பள்ளி விதி. மூக்குத்தி அணிவது குடும்ப மரபு என்று தாய் பள்ளிக்கு எழுதினார். பெண் வயதுக்கு வந்தபின் மூக்குத்தி அணிவிப்பதும், பதினாறு வயதானதும் பாட்டி அதைக் கழற்றி வைர மூக்குத்தி போட்டு ஆசி தருவதும் தங்கள் வழக்கம் என்று விளக்கினார். தமிழ் வீடுகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. டர்பனில் விளக்க வேண்டியிருந்தது. வழக்கு அரசமைப்பு நீதிமன்றம்வரை போனது.

2007 அக்டோபர் 5 அன்று தலைமை நீதிபதி பியுஸ் லங்கா வழங்கிய பெரும்பான்மைத் தீர்ப்பு இந்த விவாதத்தின் பாதையையே திருப்பியது. மூக்குத்தி இந்து சமயத்தின் கட்டாயமா என்று பள்ளி கேட்டது. கட்டாயமல்ல என்று குடும்பமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் பாதுகாப்பு உண்டு என்றார் லங்கா. ஒருவர் தாமே விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கம் கட்டாயத்தால் கடைப்பிடிக்கும் வழக்கத்தைவிடத் தாழ்ந்ததல்ல. அவருக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதே அளவு. அடுத்து அவர் கேட்டது: விலக்கு தந்தால் பள்ளிக்கு என்ன சுமை? இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மூக்குத்தி அணிந்தே அந்த மாணவி படித்திருந்தாள். ஒழுங்கு குலைந்ததற்கு ஒரு சான்றும் இல்லை. இவளை அனுமதித்தால் நாளை எல்லோரும் ஏதாவது அணிந்து வருவார்கள் என்ற அச்சத்துக்கும் லங்கா பதில் சொன்னார். தங்கள் பண்பாட்டை வெளிப்படுத்தத் தயங்கி நின்ற பிள்ளைகள் துணிந்து வெளிப்படுத்தினால் அது அஞ்ச வேண்டியதல்ல, கொண்டாட வேண்டியது என்றார். பள்ளி தன் விதிகளைத் திருத்தி, விலக்குக் கேட்பதற்கு ஒரு நடைமுறையை அதில் சேர்க்க வேண்டும் என்பதே இறுதி ஆணை. தீர்ப்பு வந்தபோது அந்த மாணவி பள்ளியை விட்டே போயிருந்தாள். வழக்கு நடந்த காலத்தில் படிப்பு தடைபடவில்லை என்பதுதான் முக்கியம்.

கர்நாடக உயர் நீதிமன்றம் இந்தத் தீர்ப்பை ஒதுக்கியது. மூக்குத்தி கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, சீருடையின் தோற்றத்தை அது மாற்றுவதில்லை என்றது. பொருளின் பருமனைப் பார்த்த நீதிமன்றம், லங்கா வகுத்த அளவுகோலான தீங்குக்கான சான்றைப் பார்க்கவில்லை. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2006-இல் இன்னும் கடினமான பொருளை எடுத்துக்கொண்டது: கிர்பான், அதாவது ஒரு குறுவாள். உறையிலிட்டு, துணியில் வைத்துத் தைத்து, ஆடைக்குள் அணிய வேண்டும் என்ற நிபந்தனைகளோடு சீக்கிய மாணவருக்கு அது அனுமதித்தது. இங்கிலாந்தும் பிரான்சும் வேறு வழியில் போயின. நீள அங்கி அணிய விரும்பிய முஸ்லிம் மாணவி தொடுத்த பேகம் வழக்கில் 2006-இல் பிரபுக்கள் அவை பள்ளியின் பக்கம் நின்றது. அந்தப் பள்ளி சல்வாரையும் தலைத்துணியையும் முன்பே அனுமதித்திருந்தது, உள்ளூர் முஸ்லிம் சமூகத்தைக் கலந்தே விதியை வகுத்திருந்தது என்பதால் அந்த முடிவைக் குறைசொல்வது கடினம். பிரான்ஸ் 2004-இல் அரசுப் பள்ளிகளில் வெளிப்படையான சமயச் சின்னங்கள் அனைத்தையும் சட்டம் போட்டே தடைசெய்தது.

கறுப்புப் பட்டையும் நீள்முடியும்

தீங்குக்கான சான்றைக் கேட்கும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தது அமெரிக்கா. 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்து மாணவர்கள் சிலர் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்து, இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 1969 பிப்ரவரியில் டிங்கர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. மாணவர்கள் பள்ளி வாசலிலேயே தங்கள் உரிமைகளை விட்டுவிட்டு உள்ளே போவதில்லை. பள்ளிப் பணிக்குக் கணிசமான இடையூறு நேரும் என்று காட்ட முடிந்தால் மட்டுமே தடுக்கலாம். இன்னதென்று சொல்ல முடியாத அச்சம் போதாது என்றது.

ஆனால் பாவாடை நீளமும் முடியின் பாணியும் இந்த வழக்கில் வரவில்லை என்று அந்தத் தீர்ப்பே ஒதுக்கிவைத்துவிட்டது. பீட்டில்ஸ் பாணியில் நீளமாக முடி வளர்த்த பையன்களின் வழக்குகள் நாடெங்கும் குவிந்தபோது, ஏழாவது, எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் மாணவர் பக்கமும், ஐந்தாவது, ஒன்பதாவது வட்டாரங்கள் பள்ளிகள் பக்கமும் நின்றன. உச்ச நீதிமன்றம் அந்த முரண்பாட்டைத் தீர்க்க மறுத்தே வந்தது. 2019-இல் கலிபோர்னியா தொடங்கி பல மாநிலங்கள், கறுப்பின மக்களின் சடைகளையும் திரிமுடியையும் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் ‘கிரவுன்’ சட்டங்களை இயற்றின. டெக்சாஸில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2023-இலேயே ஒரு கறுப்பின மாணவர் முடியின் நீளத்துக்காக நீண்ட காலம் வகுப்பிலிருந்து விலக்கிவைக்கப்பட்டார். சட்டம் பாணியைக் காக்கிறது, நீளத்தைக் காக்கவில்லை என்று விசாரணை நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-இல் வட கரோலைனாவில், பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும் என்ற ஒரு பள்ளியின் விதி ஆண்–பெண் சமத்துவத்துக்கு எதிரானது என்று நான்காவது வட்டாரம் நீக்கியது.

சாதிக் கயிறு

தமிழ்நாட்டில் தோற்ற விதி பற்றிய மிகக் கடினமான கேள்வி சமயத்திலிருந்து வரவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி முதலிய தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் மணிக்கட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று வண்ணக் கயிறு கட்டி வருவது நெடுநாள் வழக்கம். எந்த நிறம் எந்தச் சாதி என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். விளையாட்டு அணி சேர்வதும், மதிய உணவுக்கு உட்காரும் இடமும், சண்டையில் யார் பக்கம் என்பதும் அந்தக் கயிற்றைப் பார்த்தே முடிவாகும். 2019 ஜூலையில் பள்ளிக் கல்வி இயக்குநர் இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். இந்து சமயச் சின்னங்களுக்கு எதிரானது என்று எதிர்ப்பு எழுந்ததும் அரசு பின்வாங்கியது.

2023 ஆகஸ்டு 9 இரவு நாங்குநேரியில், தங்களோடு படித்த பட்டியல் சாதி மாணவரையும் தடுக்க வந்த அவருடைய தங்கையையும் அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடைசெய்ய வேண்டும், சாதி நிறம் பூசிய மிதிவண்டிகளையும் அனுமதிக்கக்கூடாது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் சில.

கயிறும் ஒரு வெளிப்பாடுதானே, ஹிஜாபுக்கும் மூக்குத்திக்கும் உரிமை என்றால் கயிற்றுக்கு ஏன் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. தீங்கு என்ற அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் பதில் தடுமாறாமல் வருகிறது. மூக்குத்தி அணிந்தவள் பக்கத்து இருக்கைக்காரியை எதுவும் செய்வதில்லை. சாதிக் கயிறோ ‘நான் யார்’ என்பதோடு ‘நீ யார்’ என்பதையும் சொல்கிறது. கயிறு கட்டாதவனையும் வேறு நிறம் கட்டியவனையும் அது குறிவைக்கிறது. வன்முறைக்குச் சான்று இருக்கிறது. பொது ஒழுங்கு என்ற 19(2) காரணம் இருக்கிறது. தீண்டாமையை ஒழித்த பிரிவு 17-உம் மற்றப் பிள்ளைகளின் வாழ்வுரிமையும் எதிர்த்தட்டில் இருக்கின்றன. கயிற்றைத் தடுப்பது அரசின் உரிமை மட்டுமல்ல, கடமை. ஆனால் நெற்றிக் குறி பற்றிய பரிந்துரையை அப்படியே ஏற்பது கடினம். வீட்டில் விளக்கேற்றித் திருநீறு பூசி வரும் பிள்ளை யாருக்கும் எந்தச் சமிக்ஞையும் அனுப்புவதில்லை. ஒரு பள்ளியில் குறிப்பிட்ட குறி சாதி அடையாளமாகவே பயன்படுகிறது என்று காட்ட முடிந்தால் அங்கே தடுக்கலாம். மாநிலம் முழுக்கப் பொதுத்தடை அந்த அளவுகோலைத் தாண்டிப்போகிறது. இத்தகைய தடை சுற்றறிக்கையாக இல்லாமல் சட்டமாக வர வேண்டும் என்பதற்கு பிஜோ இம்மானுவேல் தீர்ப்போடு 2019-இன் பின்வாங்கலும் சான்று.

முடி, பாலினம், தேர்வுக்கூடம்

இந்தியாவில் முடிவெட்டு பெரிய வழக்காக வளரவில்லை. ஆனால் அன்றாடம் மிக அதிகமாக மோதல் நடப்பது அங்கேதான். ‘புள்ளிங்கோ கட்டிங்’, ‘பாக்ஸ் கட்டிங்’ வைத்து வரும் பையன்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது, முடிதிருத்தும் கடைக்காரரைப் பள்ளிக்கே வரவழைத்து வெட்டச் சொல்வது, ஆசிரியரே கத்தரியை எடுத்துவிடுவது போன்ற செய்திகள் தமிழ்நாட்டில் அடிக்கடி வருகின்றன. முடியை ஒழுங்காக வெட்டி வரச் சொல்ல பள்ளிக்கு அதிகாரம் உண்டு. எல்லோர் முன்னும் வலுக்கட்டாயமாக வெட்டுவது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்யும் உடல் தண்டனை, மனத் துன்புறுத்தல் ஆகியவற்றுக்குள் வரும்.

பாலின அடையாளம் பற்றி நால்சா தீர்ப்பு இருந்தும், ஆணுக்கு ஓர் உடை, பெண்ணுக்கு ஓர் உடை என்ற இரட்டைப் பிரிவிலேயே பெரும்பாலான பள்ளிகள் நிற்கின்றன. பிறப்பில் ஆண் என்று பதிவாகி, தன்னைப் பெண்ணாக உணரும் பிள்ளைக்குச் சீருடை அன்றாட வதையாகிறது. கேரளத்தில் வளையன்சிறங்கரா அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியான முக்கால் கால்சட்டையைக் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் கோழிக்கோட்டுப் பாலுச்சேரிப் பள்ளி சட்டை–கால்சட்டையைப் பெண்களுக்கும் சீருடையாக்கியபோது எதிர்ப்பும் எழுந்தது. பொது உடையை வைத்துக்கொண்டு, அதற்குள் தேர்வுக்கு இடம் விடுவதே இங்கும் பொருத்தமான வழி.

தேர்வுக்கூட உடைவிதி தனி வகை. காப்பியடிப்பதைத் தடுப்பது என்ற நோக்கம் அதற்கு உறுதியாக இருக்கிறது. வரம்பு மீறுவதும் அங்கேதான் அதிகம். 2017 மே மாத நீட் தேர்வில் முழுக்கைச் சட்டைகளின் கை வெட்டப்பட்டது. கம்மலும் மூக்குத்தியும் கழற்றப்பட்டன. கண்ணூரில் ஒரு மாணவி உள்ளாடையைக் கழற்ற வைக்கப்பட்டாள். 2022-இல் கொல்லம் மாவட்டத்து மையம் ஒன்றில் அதே கொடுமை திரும்ப நடந்து, பலர் கைதானார்கள். முன்கூட்டியே வந்து பெண் அலுவலரின் சோதனைக்கு உட்படலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2015-இலேயே எளிய வழியைக் காட்டியிருந்தது.

தனியார் கல்லூரிகளும் பள்ளிகளும் தங்களுக்கு நிர்வாக உரிமை உண்டு என்று சொல்வது நியாயம்தான். அந்த உரிமைக்கும் எல்லை உண்டு. மும்பை செம்பூர்க் கல்லூரி ஒன்று ஹிஜாப், தொப்பி, சின்னங்களுக்குத் தடை விதித்ததை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் ஏற்றது. ஆகஸ்டு 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையின் பகுதியை நிறுத்திவைத்தது. பொட்டுக்கும் திலகத்துக்கும் ஏன் தடையில்லை, பெயரைக் கேட்டாலே சமயம் தெரிந்துவிடாதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். முகத்தை மூடும் உடை மட்டும் வகுப்பறைக்குள் கூடாது என்றார்கள். ஆசிரியர் மாணவரின் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்த வேண்டும் என்பதால் அந்த எல்லை ஏற்கத்தக்கது.

வகுப்புக்கு வெளியே

இந்த வழக்குகளில் அதிகம் பேசப்படாத ஒன்று, தகராறு நடக்கும் காலத்தில் பிள்ளை எங்கே இருக்கிறது என்பது. கேரளத்து மூன்று பிள்ளைகள் தீர்ப்பு வரும்வரை ஓராண்டுக்கும் மேல் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். டர்பன் மாணவி வகுப்பறையில் இருந்தபடியே வழக்கை நடத்தினாள். உடுப்பி மாணவிகளுக்கு இடைக்கால உத்தரவே கதவை அடைத்தது. விதி சரியா, தவறா என்று பின்னர் எந்தத் தீர்ப்பு வந்தாலும் தவறிய கல்வியாண்டை அது திருப்பித் தருவதில்லை. தோற்ற விதியை மீறியதற்கு ஆலோசனை, பெற்றோருடன் பேச்சு, எச்சரிக்கை என்று எத்தனையோ படிகள் இருக்க, வகுப்பை மறுப்பதே முதல் தண்டனையாக இருப்பது நியாயமில்லை.

சட்டத்தின் ஓட்டையும் சரியாக அங்கேதான் இருக்கிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. உடையும் முடியும் கயிறும் சச்சரவாவது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான். பாதுகாப்பு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஹிஜாப் வழக்கு 2022 அக்டோபரில் பெரிய அமர்வுக்காகத் தலைமை நீதிபதியிடம் அனுப்பப்பட்டது. இன்னும் இறுதித் தீர்ப்பு வரவில்லை. அதுவரை காத்திருக்கத் தேவையில்லாமல் மாநில அரசுகள் செய்யக்கூடியவை இரண்டு. தோற்ற விதி உள்ள ஒவ்வொரு பள்ளியும் விலக்குக் கேட்பதற்கான நடைமுறையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று விதி வகுக்கலாம். உடை, முடி பற்றிய தகராறுக்காகப் பன்னிரண்டாம் வகுப்புவரை எந்த மாணவரையும் வகுப்பிலிருந்தோ தேர்விலிருந்தோ விலக்கக் கூடாது என்று சட்டமாக்கலாம். தமிழ்நாடு அரசு இந்த இரண்டையும் முதலில் செய்ய வேண்டும்.